பழைய வான் ஏன் அதிர்கிறது?

குறிகட்டுவானுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வான் ஓடுகிறார். இருபத்தைந்து வயதைத் தாண்டிய, நான்கு சக்கர இயக்கமுள்ள யப்பான் வான். நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளில் வந்து இறங்கும் நோயாளிகளைப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிப்போவதும் அதுதான், அம்மன் கோவில் திருவிழாவுக்குச் சனத்தை இறக்குவதும் அதுதான். அந்த வானோடு அவர் போன மாதம் என் கராஜுக்கு வந்தார்.

"அண்ணை, அறுபதில போனால் காலுக்குக் கீழ அதிருது. பழசுதானே, அப்பிடித்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்."

அவரில் பிழை சொல்ல மாட்டேன். 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது. அந்த நாளில் சத்தம், புகை, அதிர்வு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஓடினால் போதும். ஆனால் அந்தப் பழக்கம் இன்றைக்கும் எங்களை விடவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் தொடங்கும்வரை பழைய வான்களையே இழுத்துப் பிடித்து ஓடினோம். அப்படி ஓடுகிறவர்கள் அதிர்வை அலட்சியம் செய்யக்கூடாது.

கியர் பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்தான் ஷாப்ட். நான்கு சக்கர இயக்க வானில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதன் முனைகளில் சிலுவை வடிவில் 'குறோஸ்' இருக்கும். ஓடும்போது பின் ஷாப்டின் முன்பக்கக் குறோஸ் முறிந்தால், குழாய் தாரில் விழுந்து குத்தும். இரண்டு பக்கமும் கடலாக இருக்கும் பண்ணைத் தாம்போதியில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காகக் கண்டபடி பாகம் வாங்கி மாற்றவும் வேண்டாம். முதலில் காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன.

வானை நிறுத்தி வைத்து, ஓடும்போது இருக்கும் அளவுக்கு எஞ்சினை முறுக்கிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு எஞ்சின் பக்கம். அதிராவிட்டால், ஆளில்லாத நேரான வீதியில் அதிர்வு வரும் வேகத்துக்குப் போய் ஒரு கணம் நியூற்றலில் விடுங்கள். திறப்பை மட்டும் நிறுத்த வேண்டாம், ஸ்ரியரிங் பூட்டிவிடும். நியூற்றலிலும் அதிர்வு தொடர்ந்தால் காரணம் சக்கரம் அல்லது ஷாப்ட்.

இரண்டில் எது? அறுபது கிலோமீற்றர் வேகத்தில் இந்த வகை வானின் சக்கரம் செக்கனுக்கு ஏறத்தாழ 8 தரம் சுற்றும். ஷாப்ட் அதைப்போல நாலைந்து மடங்கு, அதாவது 32 முதல் 40 தரம் சுற்றும். எனவே ரயர் பிழையென்றால் ஸ்ரியரிங்கிலோ சீற்றிலோ ஆட்டமாகத் தெரியும். ஷாப்ட் பிழையென்றால் வண்டு இரைவதுபோல நிலத்தட்டில் உறுமும். வான் வெளிக்கிடும்போது 'டக்' என்று அடித்தாலோ, மெதுவாக உருளும்போது 'கீச் கீச்' என்று கேட்டாலோ குறோஸில் சந்தேகப்படலாம்.

அடுத்தது வானுக்குக் கீழே. ஷாப்டைக் கையால் திருகிப் பார்க்க நியூற்றலில் விடவேண்டும். ஆகவே சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைக்காமல் கீழே போகவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்கக்கூடாது. குறோஸின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அது தேய்ந்துவிட்டது. மூடிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால், கிறீஸ் வற்றி உள்ளே துரு பிடித்திருக்கிறது. எங்கள் தாம்போதிகளின் உப்புக்காற்று இதைச் சீக்கிரம் செய்யும். நிப்பிள் இருக்கும் குறோஸுக்கு அடிக்கடி கிறீஸ் அடித்தால் பல நாள் உழைக்கும். குழாயில் நெளிவு, ஒட்டிய சேறு, கழன்ற சமநிலைத் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் பரல், சீமெந்து ஏற்றுவதற்காகப் பின் வில்லுக்கு மேலதிக பட்டை போட்டிருந்தால் ஷாப்டின் சரிவு மாறி, அதனாலும் அதிரும். முன், பின் ரயர்கள் வேறு அளவில் இருந்தாலோ, காய்ந்த தார் வீதியில் நான்கு சக்கரத்தையும் போட்டு ஓடினாலோ முழுத் தொகுதியும் இறுகித் தேயும்.

தம்பியின் வானில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகுதான் முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப தொடக்கம் அதிருது?"

"நீங்கள் குறோஸ் மாத்தித் தந்த பிறகுதான் அண்ணை."

சில ஷாப்டுகள் நடுவில் பல்லுகளோடு ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேருக்கு நிற்கவேண்டும். அப்போதுதான் ஒரு குறோஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்யும். கழற்றிப் பூட்டும்போது ஒரு பல்லு மாறினாலே போதும், புதுக் குறோஸ் போட்டும் அதிரும். கழற்றுமுன் இரண்டு துண்டிலும் பெயின்ற்றால் ஒரு கோடு போடுவது அதற்காகத்தான். அன்றைக்கு நான் கோடு போடவில்லை.

இழுத்தெடுத்து நேராக்கிப் பூட்ட அரை மணித்தியாலமும் ஆகவில்லை. காசு வாங்கவில்லை. இரண்டு மாதமாக அந்த வானில் ஏறிய நோயாளிகளை நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வானின் ஷாப்டை யார் கழற்றினாலும், முதலில் கோடு போடச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த வான் புதிதாக அதிர்ந்தால் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழசு என்பதற்காக எந்த வானும் அதிர்வதில்லை.