மாலை 4.15 முதல் 5.15 வரை

கொசுத்தேனீயை விட்டுவிட்டால் இலங்கையின் தேனீ இனங்கள் மூன்று. கொம்புத் தேனீயின் ஆண்கள் பகல் 12.00 முதல் 2.30 வரை கூடலுக்குப் பறக்கின்றன. நாம் பெட்டியில் வளர்க்கும் பொந்துத் தேனீக்கு மாலை 4.15 முதல் 5.15 வரை. மலைத்தேனீ மாலை 6.00 மணிக்குக் கிளம்பி 6.45க்குள் அடங்கிவிடும். ஆய்வாளர்கள் கோனிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையில் பார்த்து 1976இல் வெளியிட்ட கணக்கு இது.

மூன்று இனத்து இராணிகளும் ஆண்களை அழைக்கும் வாசனையில் முதன்மையான பொருள் ஒன்றே. அதனால் வானத்தை மணிக்கூட்டால் பங்கிட்டுக்கொள்கின்றன. போர்னியோவில் இன்னொரு இனம் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டதால், அங்கே பொந்துத் தேனீ பகல் 2.00 மணிக்கே பறக்கிறது. எனக்கு இது தீராத வியப்பு.

திருகோணமலை உவர்மலையில், அதாவது ஓர்ஸ் ஹில்லில், முற்றத்து மரநிழலில் பெட்டி வைக்க நினைப்பவர் தேனை எத்தனை போத்தல் என்று எண்ணுமுன் பொந்துத் தேனீயின் இந்த ஒரு மணி நேரத்தின் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பழைய இராணி இறந்த நாளை 0 என்று வைப்போம். வேலைக்காரத் தேனீக்கள் இளம்புழுக்கள் சிலவற்றைத் தெரிந்து, அரசப்பாகு ஊட்டி இராணிகளாக வளர்க்கின்றன. முதல் இராணி வெளிவருவது ஏறத்தாழ 12ஆம் நாள். பறக்கும் வலு வர இன்னும் 5, 6 நாள். வானம் வெளுத்திருந்தால் 19, 20ஆம் நாளில் கூடல் பறப்பு. 22, 23இல் முதல் முட்டை. அந்த முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 19, 20 நாள். ஆக, 42ஆம் நாள். பழைய இராணியின் கடைசி முட்டையோ 20ஆம் நாளே வெளிவந்து முடிந்திருக்கும். நடுவில் 22 நாள் பெட்டியில் பிறப்பே இல்லை, சாவு மட்டும். மாரி மழை பிடித்து 4 மாலை பறக்க முடியாமல் போனால் 22 என்பது 26 ஆகும்.

பறக்கப் போன இராணியைப் பஞ்சுருட்டான் பிடித்துவிட்டால்? 19ஆம் நாளில் பெட்டிக்குள் இராணியாக்க ஒரு புழுகூட இராது. சில நாளில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். கருவுறாத முட்டை என்பதால் ஆண்கள் மட்டுமே பிறக்கும். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை உடனே மாற்றிக் கொடுத்தால் கூட்டத்தைக் காப்பாற்றலாம். தனிப்பெட்டி வைத்திருப்பவரிடம் அந்தச் சட்டம் இல்லை.

இனி ஆண்களின் தொகை. இராணி பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. கூடிய ஆண் ஒன்றும் உயிரோடு திரும்புவதில்லை. இத்தனை ஆண்கள் எதற்கு? தேனீயில் பாலினத்தை ஒரு மரபணு முடிவுசெய்கிறது. இராணியிடம் அதில் இரண்டு வகை, ஆணிடம் ஒன்று. ஆணுடையது இராணியின் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போனால், அவனால் கருவுற்ற முட்டைகளில் பாதி உதவாத ஆண்களாகும். அந்தப் புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிடுகின்றன என்று போலந்து ஆய்வாளர் வொய்க்கே 1963இல் காட்டினார். 100 அறையில் கணக்குப் போடுங்கள். ஒத்துப்போகும் ஒரே ஆணோடு மட்டும் கூடினால் 50 அறை வெறுமை. 10 ஆண்களில் ஒருவன் மட்டும் ஒத்தால் வெறுமை 5. பத்துப் பேருமே அவளுடைய கூடப்பிறந்தவர்கள் என்றால், சராசரியாக 25. நாலில் ஒரு அறை வெறுமையான அடையிலிருந்து எந்தக் கூட்டமும் வலுப்பெறாது.

உவர்மலைக்கு இந்தக் கடைசி எண்தான் கவலை. வடகடல் தீவுகளான நோர்டர்னி, பால்ட்ரம் போன்றவற்றில் ஜெர்மானியர் கூடல் நிலையங்கள் வைத்திருப்பது, கடல் வேலியாக நின்று வெளி ஆண்களை மறிப்பதால். அவர்களுக்கு வேண்டியது நமக்குக் கேடு. மலையின் காலடியில் துறைமுகம். தண்ணீர் உள்ள பக்கங்களிலிருந்து ஆண்கள் வரப்போவதில்லை. ஆகவே ஒரே தாய்ப்பெட்டியைப் பிரித்துப் பிரித்து அயலுக்கெல்லாம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நிலாவெளிப் பக்கம் ஒன்று, கந்தளாய்ப் பக்கம் ஒன்று என்று வெவ்வேறு இடத்துக் கூட்டங்களைக் கொண்டுவர வேண்டும். குறைந்தது இரண்டு பெட்டி, மூன்றானால் நல்லது.

புது இராணி வெளிவந்த 5ஆம் நாளிலிருந்து பத்து நாளைக்கு மாலை 4 மணிக்குப் பிறகு பெட்டியைத் திறக்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். அந்தப் பத்து நாள் முடிந்த மறுநாள் காலையில் திறந்து, அறைக்கு ஒரு முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பக்கத்துப் பெட்டியின் சட்டத்தை மாற்றிக் கொடுங்கள்.