17ஆம் செக்டரில் ஒரு முகவரி

பழைய கணினியில் லினக்ஸ் போடலாம் என்று டிவிடி எழுதிப் போட்டாராம் ஒரு வாசகர். பயாஸில் டிவிடி டிரைவை முதலிடத்தில் வைத்தும் கணினி அதைச் சட்டை செய்யவில்லை. மதர்போர்டு போய்விட்டது, மாற்றவேண்டும் என்கிறாராம் கடைக்காரர். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதே கணினி ஒழுங்காக ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஓடுகிற மதர்போர்டு மேல் ஏன் பழி? முதலில் தட்டைப் பாருங்கள்.

தட்டில் தகவல்கள் 2048 பைட் கொண்ட செக்டர்களாக இருக்கின்றன. பூட் ஆகும்போது கணினி உங்கள் கோப்புகளைத் தேடுவதில்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணி, நேரே 17ஆம் செக்டருக்குப் போகிறது. அங்கே ‘எல் டொரிட்டோ’ என்ற குறிப்பும் பூட் பட்டியல் இருக்கும் இடமும் எழுதியிருக்க வேண்டும். முன்பெல்லாம் நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைகளைப் புரட்டிவிட்டு அலமாரிக்குப் போவோமே, அந்த மாதிரி. 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் வகுத்த முறை இது. கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

என்னை வியக்கவைப்பது அவர்கள் கையாண்ட உத்தி. அன்றைய கணினிக்கு ஃபிளாப்பியிலிருந்து தொடங்கும் பழக்கம் இருந்தது. அதனால் 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றின் நகலைச் சிடிக்குள்ளேயே வைத்து, அதையே ‘ஏ’ டிரைவாகக் கணினிக்குக் காட்டினார்கள். ஃபிளாப்பி இல்லாமலும் தொடங்க அதே முறையில் வழி உண்டு. இன்றைய யுஇஎஃப்ஐ கணினிகளும் தட்டிலிருந்து தொடங்க அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன.

லினக்ஸ் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பாக டிவிடியில் நகலெடுத்தால் 17ஆம் செக்டரில் இந்தக் குறிப்பு வராது. ‘இமேஜ்’ ஆகத்தான் எழுத வேண்டும். வேறு கணினியில் அந்தத் தட்டைத் திறந்தால், ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு தெரிகிறதா? தவறு அங்கேதான். பல ஃபோல்டர்கள் தெரிந்தால் டிரைவைச் சந்தேகிக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்யும். பாட்டு சிடி ஓடுகிறது என்பதற்காக டிவிடியும் ஓடும் என்று நம்பக்கூடாது.

எழுதியதைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ வசதியைப் பலர் நேரம் மிச்சமென்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நல்ல கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

வாசகரே, அந்த டிவிடியை இன்றே இன்னொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அதுவரை மதர்போர்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.