உடற்பருமனும் நாட்பழக்கமும்

உண்ணும் உணவின் அளவு உடல் செலவிடும் அளவை மிஞ்சும்பொழுது, எஞ்சியது கொழுப்பாகிச் சேமிக்கப்படுகின்றது. பஞ்சகாலத்தில் உயிர்காத்த இவ்வியல்பே, உணவு மலிந்து உடலுழைப்புக் குறைந்த காலத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதயநோய் ஆகியவற்றுக்கு வாயிலாகின்றது. ஆதலின் உடல்நிறையைக் குறைக்கப் பலர் முயல்கின்றனர்; குறைக்கவும் செய்கின்றனர். ஆயினும் குறைத்த நிறை மீளாது காப்பது அரிதாகவே உள்ளது. இதற்கு மனவுறுதியின்மையே காரணம் எனப் பழித்தல் எளிது, உண்மை அதுவன்று.

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1945ஆம் ஆண்டில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞரை 24 வாரங்கள் அரைவயிற்றுணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்தம் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. அதனோடு நாடித்துடிப்புத் தளர்ந்தது. சிந்தனை முழுவதும் உணவின்மேற் சென்றது. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபொழுது அவர்கள் மிகுதியாக உண்டனர். உடற்கொழுப்பு முன்னைய அளவையும் கடந்தது. இதன் காரணங்களுள் ஒன்று பின்னரே விளங்கிற்று. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஓமோன், உடலிலுள்ள கொழுப்பின் அளவை மூளைக்கு உணர்த்துவது. கொழுப்புக் குறைய அதுவும் குறையும். அப்பொழுது பசி மிகும், உடலின் செலவு சுருங்கும்.

எனவே, எவ்வழியால் நிறை குறைந்ததோ அவ்வழியில் நிற்கும்வரையே அக்குறைவும் நிற்கும். ஒரு திங்கள் பட்டினி கிடந்து பின் பழைய ஊணுக்கு மீள்வோர் பழைய நிறைக்கும் மீள்வர். வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ளத்தக்க எளிய மாற்றமே பயன் தருவது.

நாடோறும் நான்கு கோப்பைத் தேநீர் அருந்தி, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி இடுபவர், ஏறக்குறைய 32 கிராம் சீனியை, அஃதாவது 128 கலோரியை, பசி தீராமலே உட்கொள்கின்றார். ஒரு கரண்டியாகக் குறைப்பின் பாதி நீங்கும். சில வாரங்களில் நாவும் அதற்குப் பழகும். சோற்றிற் சிறிது குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் பருப்பாலும் நிரப்பின் வயிறும் வாடாது. புதுப்பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு பிணைத்தல் நன்று: மாலைத் தேநீர் முடிந்ததும் நடக்கப் புறப்படுபவர்க்கு நடையும் தேநீரைப்போல் நாட்கடனாகிவிடும். வாரம் ஒருமுறை நிறை பார்த்தல், சிறு ஏற்றத்தைப் பெரிதாகுமுன் காட்டும்.

இம்மாற்றங்கள் சிறியன என இகழற்பாலன அல்ல. நீரிழிவை அணுகியிருந்த மூவாயிரவருக்கு மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிபு 2002இல் வெளிவந்தது. நிறையில் 7 வீதக் குறைவையும், வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டோரிடம், மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரை நோக்க, நீரிழிவு தோன்றுதல் 58 வீதத்தாற் குறைந்திருந்தது. 70 கிலோகிராம் நிறையுடையார்க்கு 7 வீதமாவது ஏறத்தாழ 5 கிலோகிராமே. முன்னரே நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றுதல் வேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையையே கூறுகின்றன. முன்னுண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதே அவற்றின் சாரம். அது சில நாள் நோன்பன்று. நாடோறும் நிற்கவேண்டிய ஒழுக்கம்.