குழந்தை அரசனும் பாட்டியும்

கி.பி. 1689ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பெரியம்மை கண்டு இளமையிலேயே இறந்தார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தார். கணவரின் பிரிவைத் தாங்காத அவ்வம்மையாரும் ஆண்மகவு ஒன்றை ஈன்றபின் உயிர் நீத்தார். தந்தை முகம் காணாது பிறந்து தாயையும் இழந்த அம்மகவே விஜயரங்க சொக்கநாதன். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு முடி சூட்டப்பெற்றது. நாட்டை ஆளும் பொறுப்பு அவன் பாட்டி மங்கம்மாளைச் சார்ந்தது. இவ்வாறு இளம் அரசனுக்காக ஆட்சி நடத்துவோரைப் பகர ஆளுநர் என்பர்.

தம் பொருளை இழந்தவர் எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மங்கம்மாளோ, பேரன் வளர்ந்து கேட்கும் நாளில் குறைவுபடாத நாட்டை அவன் கையில் ஒப்படைக்க வேண்டியவர். அக்காலத்தில் ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார்கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அப்பெரும்படையை எதிர்த்து நிற்க இயலாது என்றுணர்ந்த மங்கம்மாள் மொகலாயருக்குத் திறை செலுத்த இசைந்தார். இதனைக் கோழைமை எனல் பொருந்தாது. போரில் தோற்றிருந்தால் இழப்பு குழந்தைக்கே அன்றோ?

பணிந்தே வாழ்ந்தவரும் அல்லர் அவர். திருவாங்கூர் திறை செலுத்தத் தவறியபோது தளவாய் நரசப்பையரைப் படையுடன் அனுப்பினார். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் அணை எழுப்பிக் காவிரி நீரைத் தடுத்தபோது, முன்னர்ப் போரிட்ட தஞ்சையோடு கைகோத்துப் படை திரட்டினார். அப்படைக்கு வேலை நேரவில்லை. பெருவெள்ளமே அணையை உடைத்துவிட்டது!

மதுரையில் இன்றும் மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் ஊஞ்சல் மண்டப விதானத்திலோ, பாட்டியையும் பேரனையும் ஓவியமாகவே காணலாம்.

ஏறத்தாழ 1706இல் ஆட்சி பேரன் கைக்கு மாறியது. அம்மாற்றம் இனிதே நிகழவில்லை என்றும், பாட்டியைச் சிறையிட்டு உணவின்றி மாளவிட்டனர் என்றும் மக்கள் கதை கூறுவர். அதற்கு உறுதியான சான்று இல்லை.

விஜயரங்கர் 1732இல் ஆண்மகவின்றி இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, அவன் பொருட்டு ஆளத் தொடங்கினார். ஆனால் இம்முறை அச்சிறுவனைப் பெற்ற தந்தை பங்காரு திருமலையே அரசுரிமை கோரி எதிர்நின்றார். அப்பூசலில் புகுந்த சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் கைப்பற்றினார். 1736ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது.