ஒரே குழாய், இரண்டு ரிசல்ட்: ஃப்ளின்ட் நகரத் தண்ணீரில் ஈயம் மறைந்தது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரம். 2015-ல் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மக்கள் அதிகாரிகள் முன் வந்து நின்றார்கள். டெஸ்ட் எடுத்தாச்சு, தண்ணீர் நல்லாத்தான் இருக்கு என்பதே பதில். ஆனால் அதில் ஈயம் இருந்தது. அப்புறம் டெஸ்டில் ஏன் சிக்கவில்லை?

ஈயம் எங்கிருந்து வந்தது?

செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு நகரம் மாறியது. ஈயம் வந்தது ஆற்றிலிருந்து அல்ல, பழைய குழாய்களிலிருந்து. டெட்ராய்ட் தண்ணீரில் கலந்திருந்த பாஸ்பேட், குழாய்க்குள் படலமாகப் படிந்து ஈயம் கரையாமல் தடுத்தது. அரிக்கும் தன்மை அதிகமுள்ள ஆற்று நீரில் அதைக் கலக்கவே இல்லை. படலம் போனது, ஈயம் தண்ணீரில் இறங்கியது.

டெஸ்டில் என்ன கோளாறு?

குழாயில் பல மணி நேரம் தேங்கும் தண்ணீரில்தான் ஈயம் அதிகம் சேரும். ஆனால், மாதிரி பிடிப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் சேர்ந்திருந்த ஈயத் துகள்கள் முன்னாடியே வெளியே போய்விடும். கொடுத்த பாட்டிலுக்கும் வாய் சின்னது. குழாயை மெதுவாகத் திறந்துதான் பிடிக்க முடியும்; துகள்களும் குறைவாகவே வரும்.

அடுத்தது கணக்கு. 100 வீடுகளின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், 90-வது எண் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. 2015-ன் முதல் பாதியில் எடுத்தவை 71 மாதிரிகள். ஈயம் அதிகமிருந்த இரண்டை நீக்கியதும் எண் 11-க்கு இறங்கியது. நகரம் பாஸ்!

நீக்கியதில் ஒன்று, நான்கு பிள்ளைகளின் தாயான லீஆன் வால்டர்ஸ் வீட்டு மாதிரி. அளவு 104. வீட்டில் ஃபில்டர் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஃபில்டர் இருந்துமே 104!

உண்மை எப்படி வெளிவந்தது?

வால்டர்ஸ், வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸை நாடினார். குழாயை முன்கூட்டியே திறந்துவிடாமல் பிடித்த பாட்டில்களில், ஒன்றில் மட்டும் ஈயம் 13,200 மைக்ரோகிராம். 5,000-ஐத் தாண்டினாலே அபாயக் கழிவு என்பது அமெரிக்கக் கணக்கு.

பிறகு ஊர் மக்களுக்கு 300 பரிசோதனைப் பெட்டிகள் போயின. ஒரு வீட்டுக்கு மூன்று பாட்டில்: குழாயைத் திறந்ததும் ஒன்று, 45 விநாடி கழித்து ஒன்று, 2 நிமிடம் கழித்து ஒன்று. திரும்பி வந்த 250-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 90-வது எண் 25-ஐத் தொட்டது. குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருப்பதை செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா வெளியிட்டார். அக்டோபரில் நகரம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பியது.

2016-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய வழிகாட்டுதல் தந்தது: முன்கூட்டியே குழாயைத் திறந்துவிடச் சொல்லாதீர்கள், அகன்ற வாய் பாட்டில் கொடுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியது

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. நிறம், ருசி வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்ட் கொடுப்பதாக இருந்தால், காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரையே பிடியுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீரை எப்படிப் பிடித்தார்கள் என்றும் கேளுங்கள்.