ஓர் அனுமதி, மூன்று கம்ப்யூட்டர்

சென்ற மாதம் திருவொற்றியூர்ப் பக்கத்துச் சங்கமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். காரியாலயத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். தஸ்தாவேஜில் விண்டோஸ் வாங்கியதற்கு ஒரே ரசீது. இரண்டின் திரை மூலையில், அனுமதியைப் பதிவு செய்யச் சொல்லும் வாசகம் மங்கலாகத் தெரிந்தது. காரியதரிசியைக் கேட்டேன். "காசு கொடுத்துத்தானே வாங்கினோம், ஐயா? நம் பொருளை எத்தனை இடத்தில் போட்டால் என்ன?" என்றார்.

தறியை வாங்கினால் தறி நம்முடையது. இங்கே நாம் வாங்குவது உபயோகிக்கும் அனுமதி மட்டுமே. அதுவும் சாதாரணமாக ஒரே இயந்திரத்துக்கு. இயந்திரத்தோடு வந்த அனுமதி அதனோடேயே முடியும். தனியே வாங்கியதைப் பழையதிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாற்றலாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, முறைகேடான பிரதியென்று அறிந்தே உபயோகிப்பவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாப நோக்கமில்லையெனில் கோர்ட்டார் சிறையைத் தவிர்க்கலாம். ஆனால் நெசவுச் சங்கம் சேலை விற்கிறதே! சங்கம் தவறினால் அப்போது பொறுப்பிலிருந்தவரும் குற்றவாளியாகலாம் என்கிறது 69-ஆம் பிரிவு. இதைக் கேட்டபின்தான் காரியதரிசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சி-டாக் ஸ்தாபனத்தார் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸை எத்தனை இயந்திரத்திலும் போடலாம், கட்டணமில்லை. தமிழிலும் வேலை செய்யலாம். ஆனால் சங்கத்தின் கணக்குப் புரோகிராம் அதில் ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓடவில்லை. கடிதம் எழுதும் இயந்திரத்துக்கு லினக்ஸும், கணக்கு இயந்திரத்துக்குப் புதிய அனுமதியும் என்று கமிட்டி தீர்மானித்தது. செலவைப் பற்றி ஓர் அங்கத்தினர் இன்னமும் முணுமுணுக்கிறாராம்.