குடும்ப ஒளிப்படங்களை எண்ணிமமாக்கல்

குடும்ப ஒளிப்படங்களை எண்ணிமமாக்கல் என்பது, வீடுகளில் தாளிலும் படச்சுருளிலும் உள்ள பழைய ஒளிப்படங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, படத்தில் இருப்போர், இடம், காலம் ஆகிய விவரங்களுடன் பாதுகாத்து, உறவினர்களுக்குக் கிடைக்கச் செய்யும் பணியாகும். படத்தை நகலெடுப்பது இப்பணியில் ஒரு பாதியே. படத்தில் இருப்பவர் யார் என்று பதிவு செய்வது மறு பாதி. முதற்பாதியைச் சில ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். இரண்டாம் பாதியை, அவர்களை நேரில் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்தாக வேண்டும்.

தேவை

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தட்பவெப்பத்தில் ஒளிப்படங்கள் விரைவில் கெடுகின்றன. கறுப்பு வெள்ளைப் படங்களில் உள்ள வெள்ளி, நாளடைவில் மேற்பரப்பில் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். வண்ணப் படங்களில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால்தான் 1970களின் படங்கள் பல இன்று செந்நிறமாகத் தோன்றுகின்றன. பூஞ்சை, கரையான், பசை தடவிய ஆல்பத் தாள் ஆகியனவும் படங்களைக் கெடுக்கின்றன.

பேரிடர் இன்னொரு காரணம். 2004 ஆழிப்பேரலையிலும் 2015 சென்னை வெள்ளத்திலும் பல வீடுகளின் ஆல்பங்கள் அழிந்தன. இலங்கைப் போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வெளிநாட்டு உறவினருக்கு முன்பு அனுப்பிய படமே எஞ்சிய ஒரே படமாயிற்று. எனவே, பகிர்தலும் ஒருவகைப் பாதுகாப்பே.

படங்களைத் தயார் செய்தல்

கைகளைக் கழுவி, நன்கு உலர்த்திய பின் படத்தை ஓரங்களில் பிடித்து எடுக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் நீக்கலாம். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயன்றால் படம் கிழியும். அதைக் கண்ணாடியோடு சேர்த்தே படியெடுப்பது நல்லது. ஆல்பத்திலிருந்து எடுக்குமுன், பக்கம் முழுவதையும் ஒருமுறை படமெடுத்து வைக்க வேண்டும். படங்கள் எந்த வரிசையில் ஒட்டப்பட்டன என்பதும் ஒரு சான்றாகும்.

வருடுதல்

தட்டையான மேற்பரப்புடைய மின்வருடியே இதற்கு ஏற்றது. சாதாரண அளவுப் படங்களுக்கு அங்குலத்திற்கு 600 புள்ளிகள் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண அமைப்பிலேயே வருடினால் பழுப்பு நிறமும் கறைகளும் உள்ளபடி பதிவாகும். 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு சட்டம் 36 × 24 மி.மீ. அளவே உடையது. எனவே, அதற்கு 2400 புள்ளிகளோ அதற்கு மேலோ தேவை. படச்சுருளை வருடும் வசதியும் கருவியில் இருக்க வேண்டும்.

4 × 6 அங்குலப் படத்தை 600 புள்ளிகளில் வருடினால் 2400 × 3600, அதாவது 86,40,000 படப்புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்கப்படாத கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட். நூறு படங்களுக்கு 2.6 கிகாபைட் ஆகும். மூலக்கோப்பை டிஃப் வடிவிலும், பகிர்வதற்கான படியை ஜேபெக் வடிவிலும் வைப்பது வழக்கம். ஜேபெக் கோப்பைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால் தரம் குறையும். கீறல் நீக்குதல், நிறம் சரிசெய்தல் போன்ற திருத்தங்களைப் படியில் மட்டுமே செய்ய வேண்டும்.

மின்வருடி இல்லாதவர்கள் செல்பேசியைப் பயன்படுத்தலாம். சன்னலோர நிழல் வெளிச்சத்தில் படத்தைச் சமதளத்தில் வைத்து, ஃபிளாஷ் இன்றி, நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். எவ்வழியாயினும் படத்தின் பின்புறத்தையும் பதிவு செய்ய மறக்கக் கூடாது.

விவரங்களைப் பதிதல்

உறவுமுறையை மட்டும் எழுதுவது பயன்தராது. ஒருவருக்குப் பெரியம்மாவாக இருப்பவர் மற்றொருவருக்கு அத்தை. அடுத்த தலைமுறைக்குப் பாட்டி. ஆகவே இயற்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டில் அழைத்த பெயர், ஊர் ஆகியவற்றை எழுத வேண்டும. தமிழரிடையே தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறுவதால், அதை விரித்து எழுதுவதே நல்லது. குழுப்படத்தில் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்", "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்" எனப் பள்ளிப் படங்களில் எழுதும் முறையைப் பின்பற்றலாம். அடையாளம் தெரியாதவரை "பெயர் தெரியவில்லை" என்று குறிக்க வேண்டும். ஊகத்தை உறுதிபோல எழுதக் கூடாது.

பெரியவர்களிடம் படத்தைக் காட்டி அவர்கள் பேசுவதைச் செல்பேசியில் ஒலிப்பதிவு செய்வது சிறந்த முறை. கோப்புப் பெயரில் ஆண்டை முதலில் வைத்தால் (1953_மதுரை_திருமணம்_01) கோப்புகள் கால வரிசையில் அமையும்.

காலத்தைக் கண்டறிதல்

படத்தின் பின்னால் "விஜய ஆண்டு" என்று மட்டும் இருந்தால், அது 1953–54 ஆகவும் இருக்கலாம், 2013–14 ஆகவும் இருக்கலாம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதே காரணம். படத்திலுள்ளோரின் வயதைக் கொண்டு இதனை முடிவு செய்யலாம். ஒளிப்பட நிலையத்தின் முத்திரையும் உதவும். இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமானது. முத்திரையில் ஆறிலக்க எண் இருந்தால், அந்த அச்சுப்படி அதற்குப் பிற்பட்டது. ஆனால் படம் பழைய நெகட்டிவிலிருந்து பின்னர் அச்சிடப்பட்டதாகவும் இருக்கலாம்.

பகிர்தலும் ஒப்புதலும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் மூல அளவிலேயே செல்லும். நிறையப் படங்கள் இருப்பின், மேகச் சேமிப்பில் ஓர் உறையை உருவாக்கி உறவினருக்கு மட்டும் அணுக்கம் அளிக்கலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே. ஆயினும் சட்டம் இடம் தருவதால் மட்டும் எல்லாப் படங்களையும் பொதுவெளியில் வெளியிடலாகாது. இறந்தவரை அமர்த்தி எடுத்த படங்கள், முறிந்த திருமணத்தின் படங்கள், குழந்தைகளின் படங்கள் ஆகியவற்றை வெளியிடுமுன் தொடர்புடையோரைக் கேட்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் அதை மதிப்பதே முறை. பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு.

நீண்டகாலப் பாதுகாப்பு

மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒரு படி வேறு ஊரில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்ணிமமாக்கிய பின் மூலப்படங்களை எறிந்துவிடக் கூடாது. அமிலமற்ற தாளில் வைத்து, ஈரமில்லாத, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

நிறுவன முயற்சிகள்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணக்காப்பகத் திட்டத்தின் உதவியுடன், தமிழ்நாட்டின் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களை எண்ணிமமாக்கியுள்ளது. 2010-இல் அனுஷா யாதவ் தொடங்கிய இந்தியன் மெமரி புராஜெக்ட், குடும்பப் படங்களையும் அவற்றின் கதைகளையும் இணையத்தில் தொகுக்கிறது. இத்தகைய தொகுப்புகள் உடை, அணி, திருமணச் சடங்கு, கல்வி ஆகியவற்றின் வரலாற்றுக்குச் சான்றாகின்றன. பெயரும் ஊரும் குறிக்கப்பட்ட ஒரு வீட்டுப் படமும் அத்தகைய சான்றே. மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில், தம் வீட்டு மூத்தவருடன் அமர்ந்து இருபது படங்களுக்குப் பெயர் எழுதினால், இப்பணியின் கடினமான பகுதி தொடங்கிவிடும்.